நேத்து லாட்டும் இன்னைக்குப் பாலும்

தன் பெண்டாட்டி மறுபடி வேலைக்குப் போகக் கூடாது என்று சிவராஜ் முடிவெடுத்தது பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை. முடிவெடுத்த வேகத்தில் பிரஷ்ஷையே கடித்துவிட்டான். அவ்வளவு கோபம்.

கோபம் அவனுக்குப் புதுசு இல்லைங்க. பஸ்காரன் ஹாரன் அடித்தால் கோபம், அடிக்காமல் வந்தால் அதைவிடக் கோபம். இட்லி சூடாயிருந்தால் நாக்குச் சுட்டது என்று கத்துவான். ஆறியிருந்தால் இந்த ஊட்டுல எனக்கென்ன மரியாதை என்று கத்துவான். ஆனால் இந்தத் தடவைக் கோபத்துக்கு நிஜமாகவே ஒரு காரணம் இருந்தது. அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும். அதனால்தான் பிரஷ்ஷைக் கடித்தான்.

நீங்க வெளியே சொல்லமாட்டீங்கன்னா நான் சொல்றேன்.

சிவராஜ் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜ். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் இந்த நிறம்தான் வேண்டும் என்று ஒரு துணித்துண்டு கொடுத்திருப்பான். அதற்குப் பெயர் ஒரிஜினல். அதே நிறத்தில் பட்டறையில் சாயமேற்றி, ஒரு தடவை முக்கி எடுத்தது ஒரு லாட் என்று லாட் லாட்டாக எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அனுப்புகிற கண் சிவராஜுடையது. கம்பெனியில் அதை வாங்கிப் பார்த்து "ஓகே" என்றோ "ரிஜெக்ட்" என்றோ சொல்கிற வாய் யாழினியுடையது. அவள் அங்கே மெர்ச்சண்டைசர். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் அனுப்பின நேவி ப்ளூவையும் மெரூனையும் அவன் கண்ணில் தண்ணி வரத் திருப்பி அனுப்பியவள். ஜாதகம் பொருந்தி, பொண்ணு பார்க்கப் போன ஊட்டில் காபித் தட்டோடு அவளே வந்து நின்றபோது சிவராஜுக்குச் சட்டை நனைந்துவிட்டது. நல்லவேளை, சரியென்றுவிட்டாள். சிவராஜ் கொண்டுபோனதில் அந்தம்மா திருப்பி அனுப்பாத ஒரே உருப்படி சிவராஜ்தான் என்று பட்டறையில் இன்னமும் சிரிப்பார்கள்.

பையன் நித்தீஷ் பிறந்ததும் யாழினி வேலையை விட்டுவிட்டு, திருப்பூர் மண்ணரையில் வீட்டோடு இருந்துவிட்டாள். கம்பெனியில் அவள் நாற்காலிக்கு ராக்கையா என்று ஒருத்தர் வந்தார். தங்கமான மனுஷன். சிவராஜ் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் போனில் பேசிக்கொண்டே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில் சிவராஜ் ராஜாவாக வாழ்ந்தான். இப்போது அந்த ராக்கையா கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டு கிளம்பப் போகிறார். கம்பெனிக்காரர்கள் யாழினிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

அவள் திரும்பிப் போனால் என்ன ஆகும்? லாட்டைத் தூக்கிக்கொண்டு தன் பெண்டாட்டி மேஜைக்கு முன்னால் கையைக் கட்டி நிற்க வேண்டும். நாலு பேர் முன்னால் "மேடம்" என்று கூப்பிட வேண்டும். அவள் நாலு பேர் முன்னால் ரிஜெக்ட் என்பாள். நினைக்க நினைக்கச் சிவராஜுக்குக் காதோரம் சூடேறியது.

"ஏனுங்க," என்றாள் யாழினி. "கம்பெனில கூப்புடறாங்க. போகட்டுங்களா?"

"பையனை என்ன பண்றது?"

"பகல்ல பக்கத்தூட்டு பத்ருன்னிசா அக்கா பாத்துக்கறேங்கறாங்க."

"பாத்துக்கறாங்க. குடிக்கறதுக்கு?"

"அதான் ஒரு வயசு முடிஞ்சுபோச்சுங்கள்ல. இனிப் பசும்பால் கொடுக்கலாம், அளவாக் கொடுங்கன்னு டாக்டர் உங்க முன்னாலதானுங்க சொன்னாரு. சோறு, பருப்பு, முட்டை எல்லாம் நல்லாத் திங்கறான். காலைலயும் சாயங்காலமும் என்ர பாலு. நடுவுல ஒரு கப்புப் பசும்பாலு."

"குடிக்க மாட்டான்."

"குடிப்பானுங்க."

"எம்பட பையன் குடிக்க மாட்டான்!"

"என்ர பையன் குடிப்பானுங்க."

ரெண்டு பேரும் சொன்னது ஒரே பையனைத்தான். அவன் கீழே உட்கார்ந்து அப்பன் செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தான்.

சிவராஜ் செருப்பைப் பிடுங்கினான். பிடுங்கின கையோடு ஒரு யோசனை வந்தது. அடடா, என்ன யோசனை!

"சரி அம்முணி. ஒரே பேச்சு. மூஞ்சியச் சுளிக்காம ஒரு கப்புப் பசும்பால் அவன் குடிக்கற அன்னைக்கு நீ வேலைக்குப் போ. அது வரைக்கும் கம்பெனிப் பேச்சே இந்த ஊட்டுல எடுக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? மாறவா? ஒண்ணு மட்டும். மொத வாய் நான்தான் கொடுப்பேன். அப்பன் கையால குடிக்கோணும்."

யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை கோபக்காரனுக்குள்ளே இவ்வளவு பாசமா என்று உருகிப்போனாள். பாவம், அவளுக்கு அந்தக் கையைப் பற்றித் தெரியவில்லை.

சாயப்பட்டறை லேப்பில் பகல் முழுக்க அசிட்டிக் ஆசிட் புழங்கும். புளிச்ச வாடை. மூக்கைப் பிடித்து இழுக்கும். சிவராஜ் தினமும் கிளம்புமுன் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். அன்றைக்குச் சாயங்காலம் கழுவவில்லை. சும்மா தண்ணியில் காட்டிவிட்டு நேராக வந்து, பையனை மடியில் வைத்து, கப்பை வாயருகே கொண்டுபோனான்.

நித்தீஷ் ஒரு முறை மோந்தான். அப்பனை ஏறிட்டுப் பார்த்தான். உள்ளே போன ஒரு வாய்ப் பாலை அப்படியே அப்பன் சட்டையில் திருப்பிக் கொடுத்தான்.

"பாத்தியா!" சிவராஜ் எகிறினான். "சொன்னா நம்பறியா? பாலா இது? அந்த நல்லான் வாய்க்காலையே கறந்து ஊத்தறான்!"

எகிறினதோடு விட்டானா? மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த நல்லானை வாசலில் மடக்கினான்.

"யோவ், எம்பட பையன் உன்ர பாலைத் துப்பறான். என்னய்யா கலக்கற?"

"என்னைய வேணும்னா பேசுங்க சாமி," என்றார் நல்லான். "என்ர மாட்டைப் பத்திப் பேசாதீங்க. அது உங்களாட்டக் கத்தாதுங்க. நல்ல மாடு."

சிவராஜுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. ஆனாலும் உள்ளுக்குள்ளே திருவிழாத் தப்பட்டை. அன்றைக்குச் சாயங்காலமும் கழுவாத கை, பையன் துப்பல். அடுத்த சாயங்காலமும் அதே கை, அதே துப்பல். வெளியே கோபமாகக் கத்திக்கொண்டு உள்ளே சந்தோஷமாக இருப்பது எத்தனை சுகம் என்று சிவராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுகம் கெட்டது பத்ருன்னிசாவால். கொத்துமல்லிக் கட்டு கொடுக்க வந்தவர் வாசப்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏந்தம்பி, எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுட்டு வந்து பச்சப்புள்ளைக்குப் பால் கொடுக்கறீங்களா? தெரு முழுக்க அடிக்குதே."

யாழினி கொத்துமல்லியை வாங்கி ஓரமாக வைத்தாள். வந்து அவன் கையைப் பிடித்தாள். மோந்தாள். கையை விட்டாள். பையனைத் தூக்கி அக்காவிடம் கொடுத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"கழுவாத கையா இது? இல்லீங்க, கேக்கறேன். தினமும் சோப்புக் கட்டி தேயத் தேயக் கழுவற மனுசன் இந்த மூணு நாளாக் கழுவுலயா?"

"அது... பட்டறைல தண்ணி வருல..."

"சாயப்பட்டறைல தண்ணி வருல! கேட்டீங்களாக்கா? தண்ணி வராமத்தான் துணி நனைச்சாங்களாமா! நான் ரிஜெக்ட் பண்ணுவேன்னு உங்களுக்குப் பயம். அதைச் சொல்லுங்க. நேரா நின்னு சொல்லுங்க! உங்க பயத்துக்கு ஒரு வயசுப் புள்ளை வாயை எதுக்குங்க அடைக்கறீங்க? நான் படிச்ச படிப்பென்ன, பையர்கூட எத்தனை மல்லுக்கட்டி அந்த நாற்காலில உக்காந்தேன், எல்லாத்தையும் ஆசிட்டுல முக்கி எடுக்கலாம்னு பாத்தீங்களா? எரியுதுங்க எனக்கு. வயிறு எரியுது."

சிவராஜ் பதிலுக்குக் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. தப்புப் பண்ணினவன் கத்துகிற கத்தலில் வார்த்தை இருக்காதுங்க, சத்தம் மட்டும்தான் இருக்கும். பத்ருன்னிசா பையன் காதைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் யாழினி சாதுவாக இருந்தாள். இட்லி சரியான சூட்டில் இருந்தது. சிவராஜ் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். பெண்டாட்டி சத்தம் போடுகிற வரைக்கும் பயமில்லை, சத்தம் நின்றபிறகுதான் உஷாராக இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

"ஏனுங்க, நேத்து ரெண்டு வார்த்தை எச்சாப் பேசிப்போட்டேன்," என்றாள். "இனி நீங்க பால் கொடுக்க வேண்டாம். நானே கொடுத்துக்கறேன். பையனுக்குக் கப்புல குடிக்கற பழக்கமே இல்லை, மொதல்ல அது வரட்டும். என்ர பாலையே எடுத்துக் கப்புல ஆரம்பிக்கறேன்."

சிவராஜ் கண்ணைச் சுருக்கினான். "அதுல நைசாப் பசும்பாலை ஊத்தி எம்பட கண்ணைக் கட்டலாம்னு பாக்கறியா? நடக்காது. தாய்ப்பால்ல லேசா ஒரு நீலம் இருக்கும். பசும்பால்ல மஞ்சள் அடிக்கும். ரெண்டும் வெள்ளைன்னு ஊரே நெனைக்கும். இந்தக் கண்ணு நெனைக்காது."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. தினமும் காலைல நீங்களே பாத்து ஓகே பண்ணுங்க. உங்களை விட்டா அந்தக் கண்ணு ஆருக்குங்க இருக்குது?"

அந்த ஒரு வார்த்தையில் சிவராஜ் விழுந்தான். கோபக்காரனைக் கவிழ்க்கக் கோபம் தேவையில்லை, அவன் தொழிலைப் புகழ்ந்தால் போதும்.

அன்றைக்கே செக்கிங் ஆரம்பமாகிவிட்டது. எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது என்று கத்தி வெள்ளைப் பீங்கான் கப் ஒன்று வாங்கி வந்தான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது என்று கத்தி ஜன்னலோரம் போனான். கப்பைச் சாய்த்தான், நிமிர்த்தினான், ஒரு கண்ணை மூடினான். லேசான நீலம். சுத்தமான தாய்ப்பால்.

"ஓகே!"

பையன் கப்பை ரெண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் குடித்து, மிச்சத்தில் மூக்கை முக்கினான்.

மறுநாள்.

"பாருங்க. நேத்து மாதிரியே இருக்குதுங்களா?"

"அச்சு அசல் நேத்து மாதிரியே. ஓகே!"

அதற்கு மறுநாள்.

"நேத்து மாதிரியே இருக்குதுங்களா?"

"அட, துளி வித்தியாசம் இல்லை. ஓகேன்னா ஓகேதான், சும்மா சும்மா கேக்காதே!"

இப்படியே நாள் ஓடியது. காலையில் ஓகே சொல்லாவிட்டால் சிவராஜுக்குச் சோறு இறங்காது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கம்பெனியில் இருந்து வருகிற போனுக்கு யாழினி, "வந்துருவேனுங்க, பையன் பழகிட்டு இருக்கறான்," என்று மட்டும் சொல்லுவாள். சிவராஜ் மீசைக்குள்ளே சிரித்துக்கொள்வான். தாய்ப்பால் குடிக்கப் பழகி என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பட்டறையில் பெரிய ரகளை. லேப்பில் சிவராஜுக்குக் கீழே வேலை பார்க்கிற ஜெயபாண்டி, தெற்குப் பக்கத்துக்காரன், கிளிப்பச்சை லாட் ஒன்றை ஓகே என்று எடுத்து வைத்திருந்தான். சிவராஜ் ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் குதித்தான்.

"ஏன்டா, இதுவும் அதுவும் ஒண்ணாடா?"

"நேத்து லாட்ட வச்சுப் பாத்தேண்ணே. ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு."

"நேத்து லாட்டா? நேத்து லாட்டை ஆருடா பாக்கச் சொன்னது? நேத்து லாட்டு ஒரிஜினலை விட்டுத் துளி தள்ளிப் போயிருக்கும். இன்னைக்கு லாட்டு நேத்தைய விட்டுத் துளி தள்ளிப் போகும். பக்கத்துல பக்கத்துல வெச்சா எல்லாம் ஒண்ணாத்தான்டா தெரியும். துளித் துளியாப் போயி கிளிப்பச்சைல கெளம்பினவன் பாசிப்பச்சைல போய் நிப்ப! ஒரிஜினலைப் பாரு. எப்பவும் ஒரிஜினலைத்தான் பாக்கோணும். கண்ணுன்னா கண்ணாட்ட இருக்கோணும்!"

"சரிண்ணே."

"என்ன சரிண்ணே? எம்பட ஊட்டுல சின்னக் கொழந்தைக்குப் புரியும் இது!"

குழந்தைக்குப் புரிந்திருக்கலாம். அன்றைக்குக் காலையிலும் ஜன்னலோரம் நின்று, "நேத்து மாதிரியே இருக்குது, ஓகே," என்று சொல்லிவிட்டுத்தான் சிவராஜ் பட்டறைக்கு வந்திருந்தான்.

அதற்கடுத்த வாரம், திங்கட்கிழமை. வழக்கம்போல் கப் வந்தது. வழக்கம்போல் சாய்த்தான், நிமிர்த்தினான், ஒரு கண்ணை மூடினான்.

"நேத்து மாதிரியே இருக்குதுங்களா?"

"இருக்குது. ஓகே."

"நல்லாப் பாத்துட்டீங்களா? இன்னொருக்காப் பாருங்க."

"எத்தனை தடவை சொல்றது? ஓகே, ஓகே, ஓகே!"

நித்தீஷ் கப்பை வாங்கினான். ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். கப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். சிவராஜும் சிரித்தான். அப்போதுதான் பெண்டாட்டியைச் சரியாகப் பார்த்தான். இஸ்திரி போட்ட சுடிதார். தோளில் பை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. வாசலில் பத்ருன்னிசா வேறு தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"கம்பெனிக்குங்க."

"பேச்சு என்ன பேசினோம்? பையன் பசும்பால் குடிக்கட்டும், பொறவு போ!"

"குடிச்சுட்டானுங்களே."

"எப்பக் குடிச்சான்?"

"இப்பத்தானுங்க. மூஞ்சியச் சுளிச்சானுங்களா? நீங்களே சிரிச்சீங்களே."

சிவராஜ் கப்பைப் பிடுங்கி உள்ளே பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை, அடியில் வெள்ளையாக ஒரு வளையம்தான் இருந்தது.

"இது... இது பசும்பாலா?"

"நல்லான் மாட்டுப் பாலுங்க. காச்சி ஆற வெச்சது. மூணு நாளா வேற எதுவும் கலக்குலீங்க."

"பொய்! நான் தினமும் பாத்தேன்! எம்பட கண்ணு..."

யாழினி ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். விடியற்காலையில் எடுத்து வைத்த அவளுடைய பால். பாத்திரத்தில் மீதியிருந்த பசும்பாலை இன்னொரு பாட்டிலில் ஊற்றினாள். ரெண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நீலம். ஒன்று மஞ்சள். பக்கத்தூட்டு அக்காவுக்கே வாசலில் இருந்து தெரிந்தது.

"அட, கண்ணு தெரியாதவன் கூடச் சொல்லுவானே," என்றார் பத்ருன்னிசா.

"மொத நாளு என்ர பாலு மட்டும்," என்றாள் யாழினி. "அடுத்த நாளு அதுல ஒரு ஸ்பூன் பசும்பாலு. அதுக்கடுத்த நாளு இன்னொரு ஸ்பூனு. பையனுக்கும் துளித் துளியா நாக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கும் துளித் துளியாக் கண்ணு பழகிப்போச்சு."

"ஏமாத்திட்டே!" சிவராஜ் போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பியில் இருந்த காக்காய் பறந்தது. "கட்டின புருசனை ஏமாத்திட்டே! தாய்ப்பால்னு சொல்லி..."

"என்ர பால்ல ஆரம்பிக்கறேன்னுதானுங்க சொன்னேன். அதுலயே முடிக்கறேன்னு சொல்லுலீங்களே? பொறவு தினமும் நான் என்ன கேட்டேன்? நேத்து மாதிரியே இருக்குதுங்களான்னு கேட்டேன். நீங்கதான் ஆமான்னீங்க. மொத நாளு மாதிரி இருக்குதான்னு நீங்க ஒரு நாளாவது பாத்தீங்களா?"

சிவராஜ் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமும் வரவில்லை. பையன் அக்கா இடுப்பில் ஏறிக்கொண்டு அப்பனுக்கு டாட்டா காட்டினான்.

ரெண்டு நாள் அவன் அந்த ஜன்னல் பக்கமே போகவில்லை. மூணாம் நாள் கம்பெனிக்கு லாட் போக வேண்டும். ஜெயபாண்டியை அனுப்பலாமென்று பார்த்தான். "மேடம் உங்களத்தான் வரச் சொன்னாகண்ணே," என்று அவன் நழுவிவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு சிவராஜே கிளம்பினான். வண்டியில் போகும்போதே மனசுக்குள்ளே சண்டை போட்டுக்கொண்டு போனான். எம்பட பொண்டாட்டிதானே? பாத்துருவோம். நாலு பேர் முன்னால என்ன சொல்லிருவா? போன லாட்டை ராக்கையாவே ஓகே பண்ணியாச்சு. அதே மாதிரிதானே இதுவும்!

கம்பெனி ரூமில் நாலு பேர் இல்லை, ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாழினி நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க சார். உக்காருங்க."

"இருக்கட்டும்ங்க... மேடம்." துணியை மேஜைமேல் வைத்தான். "ராக்கையா சார் ஓகே பண்ணின போன லாட்டுங்க இது. புது லாட்டு இதுங்க. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுங்க."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன செய்ய?

யாழினி கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரிஜினலை எடுத்தாள். ஜன்னலோரம் போய், புதுத் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பார்வைதான்.

"ரிஜெக்ட். எடுத்துட்டுப் போங்க சார்." துணியை மடித்து அவன் கையில் கொடுத்தாள். "ஊட்டுக்குப் போறப்ப நல்லான்கிட்டப் பையனுக்குப் பால் வாங்கிட்டுப் போயிருங்க. கையக் கழுவிட்டு."